மேட்டூர் நீர்மட்டம் பார்க்கத் தெரியுமா? அப்படின்னா ரேஸ் கார் டேட்டாவும் புரியும்!

ஜூன் பிறந்துவிட்டால் தஞ்சாவூர், திருவாரூர், நாகை, மயிலாடுதுறை பக்கத்து டீக்கடைகளில் முதல் கேள்வி இதுதான்: “மேட்டூர்ல எவ்வளவு நிக்குது?”

“நூத்திப்பத்து அடி” என்று பதில் வந்தால் பேச்சு அதோடு முடியாது. “வரத்து எவ்வளவு? எவ்வளவு தொறந்திருக்காங்க?” என்று அடுத்த கேள்வி வரும். அணையின் முழு நீர்மட்டம் 120 அடி, முழுக் கொள்ளளவு 93.47 டி.எம்.சி. என்பது டெல்டாவில் பலருக்கும் மனப்பாடம். ஆனால் 110 அடி என்ற ஒற்றை எண் எதையும் முழுசாகச் சொல்லாது. வரத்து கூடி ஏறிக்கொண்டிருக்கும் 110 அடி வேறு, வரத்து சுருங்கி இறங்கிக்கொண்டிருக்கும் 110 அடி வேறு. முதலாவதை நம்பி குறுவைக்கு நாற்று விடலாம். இரண்டாவதைப் பார்த்தால் கொஞ்சம் யோசிக்கணும்.

நீர்மட்டம், நீர்வரத்து, வெளியேற்றம், இருப்பு. நாளுக்கு நாள் மாறும் நாலு அளவுகளையும் சேர்த்துப் படித்து முடிவெடுக்கும் பழக்கம், 1934-ல் மேட்டூர் அணை திறக்கப்பட்ட காலத்திலிருந்து டெல்டாவில் இருக்கிறது. ரேஸ் டிராக்கில் இதே வேலைக்குப் பெயர் டேட்டா லாகிங்.

சரி, இப்போ எதுக்கு இந்தப் பேச்சு?

தமிழ்நாட்டில் கார் ரேஸ் பற்றிய பேச்சு இந்த ஓரிரு ஆண்டுகளில் சட்டென்று கூடியிருக்கிறது. 2024 ஆகஸ்ட் இறுதியில் சென்னை தீவுத்திடலைச் சுற்றி இரவு நேர ஃபார்முலா 4 பந்தயம் நடந்தது. 2025 ஜனவரியில் துபாய் 24 மணி நேரப் பந்தயத்தில் அஜித் குமார் ரேசிங் அணி தன் பிரிவில் 3-ம் இடம் பிடித்தது. தேசியக் கொடியோடு அவர் ஓடிவந்த வீடியோ எல்லோர் ஸ்டேட்டஸிலும் இருந்தது.

ஆனால் பந்தயத்தில் பாதி வேலை யாரும் ஸ்டேட்டஸ் வைக்காத ஒரு இடத்தில் நடக்கிறது. கார் பிட்டுக்குள் வந்து நிற்கும். ஒருவர் கேபிளைச் சொருகுவார். லேப்டாப்பில் வண்ண வண்ணக் கோடுகள் விரியும். டிரைவரும் இன்ஜினீயரும் தலையைக் குனிந்து அதையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். அடுத்த முறை கார் வேகமாகப் போவதா, இல்லை அப்படியே இருப்பதா என்பது அங்கேதான் முடிவாகிறது.

இதில் தஞ்சாவூருக்கு என்ன வேலை? இருக்கிறது. திருச்சி - தஞ்சாவூர் சாலையை ஒட்டிய பொறியியல் கல்லூரிகளில் ஃபார்முலா ஸ்டூடண்ட், பாஹா போன்ற போட்டிகளுக்காகத் தாங்களே கார் கட்டும் மாணவர்கள் உண்டு. இவர்களுக்குப் பக்கத்தில் ரேஸ் டிராக் கிடையாது. ஒன்று, கோவை செட்டிப்பாளையத்தில் உள்ள கரி மோட்டார் ஸ்பீட்வே. இன்னொன்று, ஸ்ரீபெரும்புதூர் அருகே இருங்காட்டுக்கோட்டை டிராக். தஞ்சாவூரிலிருந்து இரண்டுமே 250 கி.மீ.க்கு மேல். லாரியில் காரை ஏற்றிக்கொண்டு போய், ஒரு நாளோ இரண்டு நாளோ ஓட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பணும். அந்த ஒவ்வொரு சுற்றும் பதிவாகவில்லை என்றால், செலவழித்த காசும் நேரமும் டயர் புகையோடு போய்விடும்.

லேப் டைம் என்பது வெறும் நீர்மட்டம்

சென்னைக்கு வடக்கே சோழவரத்தில், உலகப் போர்க் கால விமான ஓடுதளத்தில் பந்தயம் நடந்த காலம் உண்டு. 1990-ல் இருங்காட்டுக்கோட்டை டிராக் வரும்வரை தென்னிந்தியாவின் ரேஸ் ரசிகர்களுக்கு அதுதான் கோயில். அன்றைக்கு அணிகளின் கையில் இருந்தது ஸ்டாப்வாட்ச், நோட்டுப் புத்தகம், டிரைவரின் ஞாபகம், அவ்வளவுதான்.

ஸ்டாப்வாட்ச் சொல்வது லேப் டைம். அது மேட்டூர் நீர்மட்டம் மாதிரி. நேற்று 1 நிமிடம் 12 நொடி, இன்று 1 நிமிடம் 11.4 நொடி என்றால் 0.6 நொடி கிடைத்தது தெரியும். எங்கே கிடைத்தது? எந்த வளைவில்? ஸ்பிரிங் மாற்றியதாலா, டயர் புதுசு என்பதாலா, காலை நேரத்துக் குளிர்ந்த காற்றாலா, இல்லை டிரைவருக்கு டிராக் பழகிவிட்டதாலா? ஸ்டாப்வாட்சுக்குத் தெரியாது. வரத்தையும் வெளியேற்றத்தையும் சொல்ல இன்னொரு கருவி வேணும்.

அந்தக் கருவிக்குள் என்ன இருக்கு?

டேட்டா லாகர் என்பது தீப்பெட்டி முதல் டிபன் பாக்ஸ் வரையிலான அளவுகளில் வரும் ஒரு சின்னப் பெட்டி. காரின் பல இடங்களில் பொருத்திய சென்சார்களிடமிருந்து எண்களை வாங்கி, ஒவ்வொன்றுக்கும் நேர முத்திரை போட்டுச் சேமித்துவைக்கும். இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டரான இ.சி.யு.விலிருந்து பல அளவுகள் ‘கேன் பஸ்’ என்ற இரட்டை வயர் வழியாகவே கிடைத்துவிடும். ஜெர்மனியின் பாஷ் நிறுவனம் 1986-ல் அறிமுகப்படுத்திய இந்த முறைதான் இன்று நம் வீட்டு வாசலில் நிற்கும் காரிலும் இருக்கிறது.

இங்கே ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். லாகிங் வேறு, டெலிமெட்ரி வேறு. காரிலேயே பதிவு செய்து, வந்து நின்ற பிறகு இறக்கிப் பார்ப்பது லாகிங். ஓடும்போதே ரேடியோ வழியாக பிட்டுக்கு அனுப்புவது டெலிமெட்ரி. சுமார் 300 சென்சார்கள் கொண்ட ஃபார்முலா 1 கார் இரண்டையும் செய்கிறது. பிட்டிலிருந்து காரின் செட்டிங்கை மாற்றும் இருவழி டெலிமெட்ரியை 2002-ல் அனுமதித்து, 2003-ல் தடை செய்தார்கள். மோட்டோஜிபி பைக்குகளில் நேரலை டெலிமெட்ரிக்கே அனுமதி இல்லை. பைக் பிட்டுக்கு வந்த பிறகுதான் டேட்டாவை இறக்க முடியும். ஆக, உலகத்தின் உச்சப் பைக் பந்தயமே லாகிங்கை வைத்துத்தான் ஓடுகிறது. கல்லூரி அணிக்கும் அது போதும்.

எந்த சென்சார் எதைச் சொல்லும்? அடிப்படைப் பட்டியல் இது:

• ஜி.பி.எஸ். - டிராக்கில் கார் எங்கே, எந்த வேகத்தில்.

• ஆக்சிலரோமீட்டர் - பிரேக்கிலும் வளைவிலும் கார் எவ்வளவு ‘ஜி’ விசையைத் தாங்குகிறது. அதாவது டயரின் பிடிப்பில் எவ்வளவு பயன்படுத்தப்படுகிறது.

• த்ராட்டில், பிரேக் பிரஷர், ஸ்டீயரிங் கோணம் - டிரைவரின் காலும் கையும் என்ன செய்தன.

• வீல் ஸ்பீடு - எந்தச் சக்கரம் சும்மா சுழன்றது, எது லாக் ஆனது.

• சஸ்பென்ஷன் சென்சார் - ஒவ்வொரு மூலையும் எவ்வளவு அமுங்கியது, அடியில் போய் இடித்ததா.

• ஆயில் பிரஷர், கூலன்ட் வெப்பம் - இன்ஜின் உயிரோடு வீடு திரும்புமா.

நொடிக்கு எத்தனை தடவை?

“என் போன்லயே ஜி.பி.எஸ். இருக்கே, அது போதாதா?” என்று கேட்கலாம். ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 100 கி.மீ. வேகத்தில் போகும் கார் ஒரு நொடியில் கிட்டத்தட்ட 28 மீட்டர் கடந்துவிடும். போனின் ஜி.பி.எஸ். வழக்கமாக நொடிக்கு ஒரு தடவைதான் இடத்தைச் சொல்லும். இரண்டு புள்ளிகளுக்கு நடுவே ஒரு முழு வளைவே காணாமல் போகலாம். நொடிக்கு 10 தடவை பதிவு செய்யும் ஜி.பி.எஸ். என்றால் 2.8 மீட்டருக்கு ஒரு புள்ளி. 25 தடவை என்றால் ஏறக்குறைய ஒரு மீட்டர்.

எல்லாவற்றுக்கும் ஒரே வேகம் தேவையில்லை. கூலன்ட் வெப்பம் மெதுவாக மாறும், நொடிக்கு ஒன்று போதும். ஸ்டீயரிங், பிரேக்குக்கு 50 முதல் 100 வரை தேவை. சஸ்பென்ஷன் மேடு பள்ளத்தில் துடிப்பது. அதைப் பிடிக்க 200-க்கும் மேல் போகணும். மேட்டூர் நீர்மட்டத்தை நாளுக்கு ஒருமுறை படித்தால் போதும். ஆனால் வெள்ளக் காலத்தில் கொள்ளிடக் கரையில் இருப்பவருக்கு மணிக்கு மணி தகவல் வேணும். அதே லாஜிக்தான்.

இது வேற ‘டெல்டா’!

ரேஸ் இன்ஜினீயர்கள் ஒரு நாளில் அதிகம் சொல்லும் வார்த்தைகளில் ஒன்று ‘டெல்டா’. காவிரி டெல்டா இல்லை, நேர வித்தியாசத்தைக் காட்டும் கோடு. இரண்டு சுற்றுகளை ஒன்றன் மேல் ஒன்றாக வைத்து, டிராக்கின் ஒவ்வொரு மீட்டரிலும் எது முந்துகிறது, எவ்வளவு முந்துகிறது என்று காட்டுவது. கோடு எங்கே ஏறுகிறதோ அங்கே நேரம் போகிறது. ஃபார்முலா 1-ல் ஓட்டிய சென்னைக்காரரான கருண் சந்தோக், ஸ்கை ஸ்போர்ட்ஸ் தொலைக்காட்சியில் இரண்டு டிரைவர்களின் சுற்றுகளை ஒப்பிட்டு விளக்குவதைப் பார்த்தவர்களுக்கு இது பழக்கமான காட்சி.

இந்தக் கோட்டைப் படிப்பதில் புதியவர்கள் எல்லோரும் விழும் குழி ஒன்று உண்டு. நேர்ப்பாதையில் வேகம் குறைவாகத் தெரிந்தால், “இன்ஜின்ல பவர் இல்ல” என்று உடனே முடிவுக்கு வந்துவிடுவார்கள். கடைமடை விவசாயியிடம் கேட்டால் சரியான பதில் சொல்வார். கடைமடைக்குத் தண்ணீர் வரவில்லை என்றால் கோளாறு கடைமடையில் இருக்காது. மேலே ஏதோ ஒரு மதகில், ஏதோ ஒரு தூர்ந்த வாய்க்காலில் இருக்கும். நேர்ப்பாதையின் கோளாறும் பெரும்பாலும் அதற்கு முந்தைய வளைவில்தான் இருக்கும். வளைவுக்குள் அவசரமாக நுழைந்து, நடுவில் தடுமாறி, வெளியேறும்போது த்ராட்டிலை அரை நொடி தாமதமாக மிதித்திருப்பார். அந்தக் குறை நேர்ப்பாதை முடியும் வரை கூடவே வரும். பவரைக் கூட்டப் போய் இன்ஜினைப் பிரிப்பதற்கு முன்னால் முந்தைய வளைவின் கோட்டைப் பார்க்கணும்.

காரா, டிரைவரா?

அணிகளுக்குள் நடக்கும் பெரிய சண்டையே இதுதான். ஓர் உதாரணம்.

பயிற்சி முடிந்து வந்த டிரைவர், “வளைவுல கார் முன்னாடி தள்ளிக்கிட்டே போகுது, திரும்ப மாட்டேங்குது” என்கிறார். சஸ்பென்ஷன் பார்க்கும் மாணவர் உடனே முன்பக்கத்தை இளக்கத் தயாராகிறார். லாகைத் திறந்தால் மூன்று கோடுகள் வேறு கதை சொல்கின்றன. ஸ்டீயரிங் முழுசாகத் திரும்பிய பிறகும் பிரேக் பிரஷர் அதிகமாகவே இருக்கிறது. வேகம், முந்தைய நல்ல சுற்றைவிட நுழைவில் கூடுதல். பக்கவாட்டு ‘ஜி’ ஏறாமல் தட்டையாக நிற்கிறது. அதாவது, முன் டயரிடம் பிரேக் பிடிக்கவும் திரும்பவும் ஒரே நேரத்தில் முழு வேலை வாங்கியிருக்கிறார் டிரைவர். டயருக்கு இருப்பது ஒரே பிடிப்பு. அதில் பிரேக்குக்குக் கொடுத்தது போக மிச்சம்தான் வளைவுக்கு.

இந்தக் காரில் எதையும் மாற்றத் தேவையில்லை. பத்து மீட்டர் முன்னாடி பிரேக் மிதித்தால் போதும்.

இதுவே எல்லா வளைவிலும், நுழைவு வேகம் சரியாக இருந்தும், ஸ்டீயரிங்கை மேலும் மேலும் திருப்ப வேண்டியிருந்தால் அது காரின் குறை. அப்போது முன்பக்கத்தில் கை வைக்கலாம். டிரைவர் பொய் சொல்லவில்லை. அவர் உணர்ந்தது உண்மை. காரணத்தைப் பிரித்துக் காட்டத்தான் டேட்டா. “நீதான் தப்பா ஓட்டின”, “நீதான் தப்பா செட் பண்ணின” என்ற சண்டையை அது முடித்துவைக்கும். ஒரு வருடம் தூக்கம் இல்லாமல் ஒன்றாக வேலை பார்க்கும் இருபது வயதுப் பிள்ளைகளுக்கு இது சின்ன விஷயமில்லை.

செட்டப்: ஒரு நேரத்தில் ஒரே மாற்றம்

டயர் பிரஷர், கேம்பர், ஸ்பிரிங், ஷாக் அப்சார்பர், ஆன்டி ரோல் பார் - மாற்றுவதற்குக் காரில் ஏகப்பட்டது இருக்கிறது. விதி ஒன்றுதான்: ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்று, ஓட்டு, பார், எழுதிவை. பிரஷரையும் குறைத்து ஸ்பிரிங்கையும் மாற்றினால், கிடைத்த 0.3 நொடிக்கு யார் காரணம் என்று கடவுளுக்கே தெரியாது. உரம், விதை, நடவு முறை மூன்றையும் ஒரே போகத்தில் மாற்றிவிட்டு “எதனால விளைஞ்சுது?” என்று கேட்பது மாதிரி. ஆடுதுறை நெல் ஆராய்ச்சி நிலையத்தின் சோதனை வயல்களைப் பார்த்தவர்களுக்கு இது புரியும். பக்கத்துப் பக்கத்துப் பாத்திகளில் ஒன்றை மட்டும் மாற்றி ஒப்பிடுவார்கள்.

பெரிய கருவி இல்லாமலே தொடங்கலாம். டயரின் உள்பக்கம், நடு, வெளிப்பக்கம் என மூன்று இடத்தில் வெப்பம் எடுத்தால் போதும். நடுவில் மட்டும் அதிகச் சூடு என்றால் காற்று அதிகம். உள்பக்கம் ரொம்பச் சூடு என்றால் கேம்பர் அளவுக்கு மீறி இருக்கிறது. ஓடி வந்து நின்றவுடன் எடுக்கணும், அதுதான் முக்கியம்.

அடுத்தது, ஃபார்முலா ஸ்டூடண்டின் ‘ஸ்கிட்பேட்’ சோதனை. எட்டு வடிவத்தில் இரண்டு வட்டங்கள். உள்வட்டத்தின் விட்டம் 15.25 மீட்டர், பாதையின் அகலம் 3 மீட்டர். நடுப்பாதையில் ஓடினால் ஆரம் சுமார் 9.1 மீட்டர். ஒரு வட்டத்தை 5.5 நொடியில் முடித்தால் வேகம் நொடிக்கு 10.4 மீட்டர், அதாவது மணிக்கு 37 கி.மீ. சொச்சம். வேகத்தின் வர்க்கத்தை ஆரத்தால் வகுத்தால் 11.9. புவியீர்ப்பில் கிட்டத்தட்ட 1.2 ‘ஜி’. ஆக்சிலரோமீட்டர் இதே எண்ணைக் காட்டணும். காட்டவில்லை என்றால் சென்சார் பொருத்தியதில் கோளாறு. வலது வட்டம் 5.5, இடது வட்டம் 5.7 என்று வந்தால் காரின் எடையோ சக்கர அலைன்மென்ட்டோ ஒருபக்கமாக இருக்கிறது என்று சந்தேகிக்கலாம். பிளஸ் டூ இயற்பியல்தான். இடம்? இரண்டு வட்டமும் சேர்ந்தே 40 மீட்டர் நீளம், 22 மீட்டர் அகலத்துக்குள் அடங்கிவிடும். சுற்றிலும் பாதுகாப்புக்கு இடம் விட்டாலும் கல்லூரியின் ஒரு நல்ல பார்க்கிங் மைதானம் போதும். கோவை வரை போகத் தேவையில்லை.

22 கிலோமீட்டரில் ஒரு வருடம்

ஃபார்முலா ஸ்டூடண்ட் போட்டியின் இந்திய வடிவமான ஃபார்முலா பாரத், கோவை கரி டிராக்கில் ஜனவரி வாக்கில் நடத்தப்பட்டுவருகிறது. டெல்டாவில் சம்பா அறுவடை நேரம். மொத்தம் 1,000 மதிப்பெண். அதில் மிகப் பெரிய பங்கு எண்டூரன்ஸ் ஓட்டத்துக்கு. சுமார் 22 கி.மீ., பாதியில் டிரைவர் மாற்றம், நிறுத்திய கார் மறுபடி ஸ்டார்ட் ஆகணும். உலகம் முழுக்க மாணவர் கார்கள் அதிகம் உயிரை விடும் இடம் இதுதான்.

கார் நின்றுவிட்டது. ஒரு வருட வேலை ஓரத்தில் நிற்கிறது. என்ன ஆச்சு?

லாக் இல்லாத அணி, “இன்ஜின் போச்சு” என்று எழுதிவைத்து ஊருக்குத் திரும்பும். அடுத்த வருடம் புது இன்ஜின் போட்டு அதே இடத்தில் மறுபடி நிற்கும். லாக் இருக்கும் அணி ஆயில் பிரஷர் கோட்டைப் பார்க்கும். நீண்ட வலது வளைவில் ஒவ்வொரு சுற்றிலும் பிரஷர் ஒரு நொடி விழுந்து எழுந்திருக்கிறது. வளைவின் விசையில் ஆயில் ஒருபக்கம் ஒதுங்கி, பம்ப் காற்றை உறிஞ்சியிருக்கிறது. டிரைவர் இதை உணரவே முடியாது. தீர்வு புது இன்ஜின் இல்லை. ஆயில் தொட்டிக்குள் ஒரு தடுப்புத் தகடு. இந்த டிப் பயிற்சி நாளிலேயே பதிவாகியிருக்கும், யாராவது பார்த்திருந்தால்.

டிசைன் சுற்றுக்கு 150 மதிப்பெண். அங்கே நடுவர்கள் கேட்கும் கேள்வியும் இதையே சுற்றுகிறது: “இந்த ஸ்பிரிங்கை ஏன் தேர்ந்தெடுத்தீங்க? ஓட்டிப் பார்த்த டேட்டா எங்கே?” கம்ப்யூட்டரில் போட்ட அழகான படம் அங்கே செல்லாது.

காசு எவ்வளவு ஆகும்?

இத்தாலியின் ஏ.ஐ.எம்., ஆஸ்திரேலியாவின் மோடெக், பிரிட்டனின் ரேஸ்லாஜிக் போன்ற நிறுவனங்களின் கருவிகள் தொழில்முறை அணிகளுக்கானவை. விலையும் அப்படித்தான். ஆனால் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் இ.எஸ்.பி.32 போர்டு, ஒரு மெமரி கார்டு, நொடிக்கு 10 தடவை பதியும் ஜி.பி.எஸ். மாட்யூல், ஒரு ஆக்சிலரோமீட்டர் என்று சில ஆயிரத்தில் ஒரு லாகரை மாணவர்களே கட்டிவிடலாம். கோடுகளைப் பார்க்க இலவச மென்பொருள்கள் இருக்கின்றன. கடைசிக்கு எக்செல் இருக்கவே இருக்கு.

உண்மையான செலவு நேரம். ஒரு மணி நேரம் ஓட்டினால் அதைப் படிக்க இரண்டு மணி நேரமாவது ஒருவர் உட்காரணும். கருவியை வாங்கிப் பொருத்திவிட்டு யாரும் திறந்தே பார்க்காத லாகர், காரில் வெறும் எடை.

ஒரு எச்சரிக்கையும் சொல்லியாகணும். போன் ஆப்களில் ‘0 முதல் 100’ டைமிங் எடுக்க முடியும் என்பதால், தஞ்சாவூர் பைபாஸில் நள்ளிரவில் பைக்கை முறுக்கிப் பார்ப்பது டேட்டா லாகிங் ஆகாது. எதிரே வரும் வைக்கோல் லாரியும் ரோட்டைக் கடக்கும் மாடும் எந்த கிராஃபிலும் வராது. பொதுச் சாலை சோதனைக்கூடம் இல்லை.

டிராக்கிலிருந்து வயலுக்கு

“எல்லாம் சரி, ரேஸ் கார் ஓட்டி நம்ம ஊருக்கு என்ன வரப்போகுது?” என்று வீட்டில் அப்பா கேட்பார். நியாயமான கேள்வி. பதில் வயலிலேயே இருக்கிறது.

ரேஸ் காரில் வீல் ஸ்பீடையும் ஜி.பி.எஸ். வேகத்தையும் ஒப்பிட்டால் சக்கரம் எவ்வளவு வழுக்குகிறது என்று தெரியும். சேற்று வயலில் கேஜ் வீல் மாட்டி உழும் டிராக்டருக்கும் அதே கணக்குதான். சக்கரம் 100 மீட்டருக்குச் சுழன்று, வண்டி 80 மீட்டர் மட்டுமே நகர்ந்தால் வழுக்கல் 20 சதவீதம். கொஞ்சம் வழுக்கினால்தான் இழுவையே கிடைக்கும், டிராக்கிலும் அப்படித்தான். அளவுக்கு மீறினால் டீசல் வீண். டிரைவர் மாறினால், கியர் மாறினால், சக்கரம் மாறினால் அது எப்படி மாறுகிறது என்பதைக் காட்ட, ரேஸ் காரில் இருக்கும் அதே இரண்டு சென்சார் போதும்.

பெல்ட் வண்டி, டயர் வண்டி என்று அறுவடை இயந்திரங்களை மணிக் கணக்கில் வாடகைக்கு எடுக்கும் ஊர் இது. அந்த வண்டியின் அவர் மீட்டரே ஒரு எளிய லாகர்தான். ஓடிய மணி, அறுத்த பரப்பு, சும்மா நின்ற நேரம் மூன்றையும் சேர்த்துப் பதிவு செய்தால் வாடகைத் தகராறு பாதி குறையும். டிராக்கில் பத்து சென்சாரைப் பொருத்தி, கோளாறைக் கோட்டில் தேடிப் பழகிய மாணவருக்கு ஓசூர், ஒரகடம் வாகனத் தொழிற்சாலைகளின் சோதனைப் பிரிவில் வேலை உண்டு. ஊரிலேயே இருக்க நினைப்பவருக்கும் செய்ய வேலை இருக்கு.

டேட்டா எங்கே சறுக்கும்?

டேட்டா சாமி இல்லை. தவறாக அளவீடு செய்த சென்சார் தைரியமாகப் பொய் சொல்லும். தலைகீழாகப் பொருத்திய ஆக்சிலரோமீட்டர், பிரேக்கை ஆக்சிலரேஷன் என்று காட்டும். அறுபது கோடுகளை ஒரே திரையில் போட்டால் எதுவும் தெரியாது. ஒரே ஒரு நல்ல சுற்றைப் பார்த்து முடிவெடுத்தால் அது அதிர்ஷ்டமாக இருக்கலாம். எல்லாவற்றுக்கும் மேல், கேள்வி இல்லாமல் லாகைத் திறந்தால் பதிலும் கிடைக்காது. “மூணாவது வளைவுல ஏன் கார் ஆடுது?” என்று கேட்டுவிட்டுத் திறப்பவருக்கு ஐந்து நிமிடம். “ஏதாவது இருக்கான்னு பார்ப்போம்” என்று திறப்பவருக்கு ஒரு ராத்திரி போகும்.

டிரைவரின் உணர்வையும் தூக்கிப் போட முடியாது. எங்கே தேடணும் என்று சொல்வது அவர்தான்.

என்ன செய்யணும்?

டெல்டா பக்கத்துக் கல்லூரிகள் மூன்று விஷயங்களை யோசிக்கலாம்.

முதலாவது, டேட்டாவைக் கல்லூரியின் சொத்தாக வைப்பது. மாணவர் அணியில் வருடா வருடம் ஆட்கள் மாறுகிறார்கள். சீனியரின் லேப்டாப்போடு லாகும் ஊரைவிட்டுப் போய்விட்டால், ஜூனியர் மறுபடி ஒன்றிலிருந்து தொடங்குகிறார். எந்த நாள், என்ன செட்டப், என்ன வானிலை, யார் ஓட்டியது என்ற குறிப்போடு எல்லாம் ஒரே இடத்தில் இருக்கணும். பட்ஜெட்டில் புது எக்ஸாஸ்டுக்கு ஒதுக்குவதற்கு முன்னால் இதற்கு ஒதுக்கணும்.

இரண்டாவது, இடம். ஸ்கிட்பேட் போடும் அளவுக்கு ஒரு தார் மைதானத்தைப் பக்கத்துக் கல்லூரிகள் சேர்ந்து பயன்படுத்தலாம். மருத்துவ உதவி, தீயணைப்பான், தடுப்புகளோடு மாதம் ஒரு நாள் கிடைத்தாலே வருடத்துக்குப் பன்னிரண்டு நாள். கோவைக்குப் போகும்போது கார் சோதனைக்குப் போகாமல் பந்தயத்துக்குப் போகும்.

மூன்றாவது, மதிப்பெண். ஓடாத காரிலும் நல்ல லாகும் நேர்மையான ஆய்வும் இருந்தால், அதை ப்ராஜெக்ட் வேலையாக ஏற்கணும். தோல்வியைப் பதிவு செய்யத் தெரிந்தவர்தான் இன்ஜினீயர். கோப்பை மட்டும் கேட்டால், பிள்ளைகள் லாகைப் பார்க்காமல் சமாளிக்கத்தான் கற்றுக்கொள்வார்கள்.

இது ஒன்றும் புதுப் பழக்கமில்லை. பொதுப்பணித் துறை ஆட்கள் மதகுகளில் அளவுகோல் நட்டு, தண்ணீரின் உயரத்தைப் படித்து நோட்டில் எழுதிவைத்த மண் இது. தாத்தா பேப்பரைப் பிரித்ததும் முதலில் தேடியது மேட்டூர் கட்டம். பேரன் லேப்டாப்பைத் திறந்ததும் முதலில் தேட வேண்டியது அந்த டெல்டா கோடு. இரண்டு பேருக்கும் கேள்வி ஒன்றுதான்: “ஏறுதா, இறங்குதா? எதனால?”